இடைவேளை வரை பார்த்த படம்

பிற்பகல் இரண்டு மணி இருபத்திரண்டு நிமிடம். முதலில் கண்ணில் பட்டவை சாப்பாட்டுப் பைகள்.

அம்பத்தூரில் ஒரு தியேட்டர். வெளி உணவுக்கு அனுமதி இல்லை என்று எழுதி ஒட்டிய மேஜையின் மேல் அறுபது, எழுபது பைகள் குவிந்திருந்தன. உள்ளே காலி டிபன் பாக்ஸ்தான். ஆனாலும் விதி விதிதான். சில பைகளில் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதியிருந்தது. சிலவற்றில் பெயருக்குப் பதில் தொழிலாளர் எண். ரசம் காய்ந்த வாசனையும் இயந்திர எண்ணெய் வாசனையும் கலந்து வந்தன.

காரணம் எளிது. தொழிற்பேட்டையில் காலை ஆறு மணி ஷிப்ட் இரண்டுக்கு முடியும். படம் இரண்டரைக்கு. வீட்டுக்குப் போய்விட்டு வர நேரம் கிடையாது. நீலச் சட்டை, சாம்பல் சட்டை, பச்சை ஓரம் வைத்த சட்டை என்று எல்லாரும் வேலை உடையிலேயே வந்திருந்தார்கள். அன்று வியாழக்கிழமை. புதுப்படத்தின் முதல் நாள்.

நான் ஒரு தமிழ் நாளிதழின் பகுதி நிருபர். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என் எல்லை. சாலை, குடிநீர், ஏரிக்கரை ஆக்கிரமிப்பு ஆகியவற்றுக்கு நடுவே முதல் நாள் தியேட்டர் வாசலும் என் வேலைதான்.

ஐந்து முகம், ஐந்து ஊர்

படம் பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்ற பெட்டிச் செய்திக்கு ஓர் இலக்கணம் இருந்தது. ஐந்து முகம், ஐந்து பெயர், ஐந்து ஊர், ஆளுக்கு இரண்டு வரி. பெயர் இல்லாத கருத்து கருத்தே இல்லை என்பது எங்கள் செய்தி மேஜையின் முடிவு.

இன்னொரு ரகசியத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கருத்துகளை நாங்கள் படம் முடிந்து வாங்கியதில்லை. வெளியூர்ப் பதிப்பு ஐந்து மணிக்கு முடிந்துவிடும். ஆகவே இடைவேளையில் பாப்கார்ன் வரிசையில் நிற்பவர்களைப் பிடிப்போம். பாதிப் படத்துக்கு முழுக் கருத்து. பதினைந்து வருடம் இப்படித்தான் எழுதினேன். எத்தனையோ படங்களின் இரண்டாம் பாதி எனக்கு இன்றும் தெரியாது.

ஒருமுறை ஆவடியில், ஊரே வெள்ளத்தில் மூழ்குவதாக ஒரு படம். மழைக்காலம். தியேட்டர் வாசலில் முழங்கால் அளவு தண்ணீர். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தவரிடம் படம் எப்படி என்று கேட்டேன். "உள்ளார தண்ணி கம்மியா கீதும்மா" என்று சொல்லிவிட்டு நடந்தார். பெயர் சொல்லாததால் அந்த வரி அச்சாகவில்லை. நான் சேகரித்ததில் நல்ல விமர்சனங்கள் பலவும் இப்படிப் பெயரில்லாமல் போனவைதான்.

சிவப்பு விளக்கு

அன்றைய படம் எதிர்காலத்தில் நடப்பது. நகரம் அடுக்கடுக்காக மேலே வளர்ந்துவிட்டது. மேலடுக்கில் இருப்பவர்களுக்கு நாள் முழுக்க வெயில். கீழடுக்கில் இருப்பவர்களுக்கு அது அளந்து கொடுக்கப்படுகிறது. ஒரு நாளைக்குப் பதினோரு நிமிடம். ஒரு கதவின் முன்னால் வரிசையில் நின்று, இயந்திரத்தில் விரல் வைத்தால் பச்சை விளக்கு எரியும். கதவு திறக்கும். வெயில் முற்றத்தில் போய் நிற்கலாம்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அந்தக் காட்சி. கதாநாயகனின் தங்கை விரலை வைக்கிறாள். சிவப்பு விளக்கு. மறுபடி வைக்கிறாள். சிவப்பு. பின்னால் நிற்பவர்கள் நெருக்குகிறார்கள். திரையின் மூலையில் பதினோரு நிமிடமும் ஒவ்வொன்றாகக் கரைகிறது. வயலின் அழுகிறது. இயக்குநர் எதை எதிர்பார்த்தார் என்பதில் சந்தேகமே இல்லை.

தியேட்டர் சிரித்தது. சாதாரணச் சிரிப்பல்ல. வரிசை வரிசையாகக் குலுங்கிச் சிரித்தார்கள்.

"தலையில தேச்சிக்கினு வைம்மா" என்று முன் வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள்.

"எச்ச தொட்டுடாத, மிஷின் காண்டாயிடும்."

"இடது கை குட்த்துப் பாரு."

"மொதல்ல மிஷின தொடைம்மா நீ."

திரையில் அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள். இங்கே எல்லாரும் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள்.

இருட்டில் நான் குறிப்பேட்டில் எழுதிய வரி இது: "துயரக் காட்சி. சிரிப்பு. படம் புரியவில்லை?" அந்தக் கேள்விக்குறி மட்டும்தான் என்னை இன்று கொஞ்சம் காப்பாற்றுகிறது.

பாப்கார்ன் வரிசையில்

இடைவேளையில் முதலில் கிடைத்தவர் வேலப்பன்சாவடியில் பொறியியல் படிக்கும் மாணவர். கிராபிக்ஸ் வேற லெவல் என்றார். அடுத்தவர் நசரத்பேட்டைக்காரர், ஐம்பது வயது இருக்கும். அவர்கள் குடும்பத்து வயலில் இப்போது ஒரு சரக்குக் கிடங்கு நிற்கிறது. அதே கிடங்கில் அவருக்குக் காவலாளி வேலை. "மேலடுக்கு எப்டி இருக்கும்னு இன்னும் கொஞ்சம் காட்டியிருக்கலாம்" என்றார். அவர் முகத்தில் கிண்டல் இல்லை. அப்படியே எழுதிக்கொண்டேன்.

மூன்றாவதாக, முன் வரிசையிலிருந்து குரல் கொடுத்த பெண்ணைத் தேடிப் பிடித்தேன். குமுதா, கள்ளிக்குப்பம். முப்பத்தைந்து வயது இருக்கலாம். சாம்பல் சட்டை. அதே சட்டையில் இன்னும் ஆறு பெண்கள் அவரோடு நின்றார்கள்.

"ஏன் இந்தப் படத்துக்கு வந்தீங்க?"

"வெயில் படம்னாங்கோ. சரி, ஏசில குந்திக்கினு வெயில் பாப்போம்னு வந்தோம்."

ஆறு பேரும் சிரித்தார்கள்.

"அந்தப் பொண்ணு விரல் வைக்கிற சீன்ல ஏன் சிரிச்சீங்க?"

குமுதா பாப்கார்ன் பொட்டலத்தைத் தோழியிடம் கொடுத்துவிட்டு, வலது கையைச் சட்டையில் துடைத்து, பெருவிரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

அதில் ரேகை இல்லை. உள்ளங்கைப் பக்கம் கோடுகள் இருந்தன. விரல் நுனி மட்டும் பளிங்கு மாதிரி வழவழப்பாக இருந்தது. சுற்றிலும் தோல் உரிந்து வெள்ளை ஓரம்.

இரும்பு உதிரி பாகங்களைத் தின்னர் என்ற கரைப்பானில் நனைத்த துணியால் துடைத்து, அட்டைப் பெட்டியில் அடுக்கும் வேலை. நான்கு வருடமாக ஒப்பந்தத் தொழிலாளி. கம்பெனி வாசலில் விரல் வைக்கும் இயந்திரம் இருக்கிறது. அவர்கள் அதைத் தம்ப் என்பார்கள். தலையில் விரலைத் தேய்த்து, எண்ணெய்ப் பசை ஏற்றி வைத்தால் சில நாள் எடுக்கும், சில நாள் எடுக்காது. கடைசி மூன்று வாரமாகக் குமுதாவின் விரலை எந்த எண்ணெய்க்கும் அது எடுக்கவில்லை. காவலாளி கதவைத் திறந்து உள்ளே விடுவார், ஆனால் உள்ளே வேலை செய்துகொண்டிருப்பவர் கணக்கில் விடுப்பு.

"காண்டிராக்டர் ஆளு சொல்ட்டாரு மேடம். சனிக்கிழமைக்குள்ள மிஷின் எடுக்கலன்னா பேரு லிஸ்ட்ல இருக்காதுன்னு. என்னியும் சேத்து மூணு பேரு." குரலை உயர்த்தாமல் சொன்னார். "அந்தப் பொண்ணுக்குப் பதினோரு நிமிசம்தானே போச்சி? அதுக்கே வயலினு வாசிக்கிறாங்கோ. அதான் சிரிச்சோம்."

குறிப்பேட்டில் எழுதியிருந்த கேள்விக்குறி வரியை அங்கேயே அடித்தேன்.

"பேரு வேணாம் மேடம்" என்றார் குமுதா. "சனிக்கிழமை வரிக்கும் நான் நல்லவளா இருந்துக்கினு இருக்கணும்."

சரி என்றேன். புகைப்படக்காரர் தாமு, முகம் வராமல் நீட்டிய பெருவிரலை மட்டும் படமெடுத்தார். என் எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். மணி அடித்தது. அவர்கள் இரண்டாம் பாதிக்கு உள்ளே போனார்கள். நான் செய்தியனுப்ப வெளியே ஓடினேன்.

சட்டைக் கை

மறுநாள் காலை ஏழு மணிக்கு, ஆவடியில் என் வீட்டுச் சமையலறையில் பேப்பரைப் பிரித்தேன். பெட்டிச் செய்தி போய், நான்கு பத்தி அகலத்தில் அந்தப் பெருவிரல் அச்சாகியிருந்தது. நல்ல படம். சந்தோஷப்பட்டேன். ஒரு வாய் காபி குடித்தேன். பிறகுதான் பார்த்தேன்.

விரலுக்குக் கீழே மணிக்கட்டு. மணிக்கட்டுக்குக் கீழே சாம்பல் சட்டையின் கை. அதன் ஓரத்தில் இரண்டு ஆரஞ்சுக் கோடுகள்.

அம்பத்தூரில் யார் எந்தக் கம்பெனி என்பதைச் சட்டை சொல்லிவிடும். டீக்கடையில் நிற்பவரைப் பின்னாலிருந்து பார்த்தே கம்பெனி பெயரைச் சொல்லக்கூடியவள் நான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. குமுதாவின் பெயரை நீக்கினேன், ஊரை நீக்கினேன், முகத்தை நீக்கினேன். மூன்றையும் இரண்டு முறை சரிபார்த்தேன். சட்டையை விட்டுவிட்டேன். போதாததற்கு, "உதிரி பாகங்களைத் துடைத்து அடுக்கும் பெண்" என்று செய்தியில் நானே எழுதியும் இருந்தேன்.

அப்போது அவர் உள்ளே இருந்தார். கைபேசியை வாசலிலேயே பூட்டி வைத்துவிட வேண்டும். அவருடைய எண்ணும் என்னிடம் இல்லை. என் எண்தான் அவரிடம் இருந்தது. இரண்டு மணி வரை செய்ய ஒன்றும் இல்லை. திருமுல்லைவாயலில் ஒரு குடிநீர்க் குழாய் உடைப்பைப் பார்க்கப் போய், தெருப் பெயரைத் தவறாக எழுதிக்கொண்டு வந்தேன்.

ஒன்றே முக்காலுக்கு அந்தக் கம்பெனி வாசலுக்கு எதிரே, டீக்கடையின் ஓலைத் தடுப்புக்குப் பின்னால் நின்றேன். கடைக்காரர் வடை மடித்துக் கொடுத்த தாளில் எங்கள் பத்திரிகையின் முதல் பக்கம் இருந்தது.

கைரேகை ஜோசியம்

இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு அவர்கள் வெளியே வந்தார்கள். குமுதா என்னைப் பார்த்துவிட்டார். நேராக வந்தார்.

"கை போட்டீங்க, சரி. சட்டையும் ஏன் மேடம் போட்டீங்க?"

"தப்பு பண்ணிட்டேன். உங்களுக்கு என்ன ஆச்சு?"

அவர் சொல்ல ஆரம்பிக்குமுன் பக்கத்தில் நின்ற பெண் பேசினார். பெயர் தேவி. குமுதாவைவிட நாலைந்து வயது மூத்தவர். முந்தின நாள் பாப்கார்ன் பொட்டலத்தை வாங்கி வைத்துக்கொண்டவர் அவர்தான்.

நடந்தது இது. காலை ஐந்தே முக்காலுக்கே இதே டீக்கடையில் பேப்பரைப் பார்த்துவிட்டார்கள். யாருடைய விரல் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. தேவி மட்டும் ஒன்று சொன்னார்: "இன்னிக்கி எவளும் தலையில தேய்க்காதீங்கடி. நல்லா ஈரம் போக தொடச்சிட்டு வைங்க."

அந்தப் பிரிவில் இருபத்திரண்டு பெண்கள். எல்லாரும் துப்பட்டாவில் விரலைத் துடைத்தார்கள். வரிசையில் முதலில் குமுதா வைத்தார். சிவப்பு. அடுத்து தேவி. சிவப்பு. அதற்கடுத்தவர், அதற்கடுத்தவர். இருபத்திரண்டில் பதினாலு பேருக்கு இயந்திரம் கதவைத் திறக்கவில்லை. இத்தனை நாள் தேங்காயெண்ணெய்தான் அவர்களில் முக்கால்வாசிப் பேரை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தது.

ஆறு மணிக்கு ஓட வேண்டிய உற்பத்தி வரிசை ஆறு இருபதுக்கும் ஓடவில்லை. காண்டிராக்டரின் சூப்பர்வைசர் கையில் பேப்பரோடு வந்தார். குமுதாவிடம் வந்து, உன் கைதானே என்று கேட்டார்.

"நான் இன்னா சொன்னேன் தெரியுமா?" என்றார் குமுதா. "எல்லாருதும் அப்டித்தான் கீது சார், நீங்களே பாத்துக்கோங்கோன்னேன்."

அவரும் பார்த்திருக்கிறார். பேப்பரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பெருவிரலாகக் குனிந்து பார்த்தார். தேவியிடம் வந்தபோது இவர் முழுக் கையையும் விரித்துக் கொடுத்தார்.

"அப்டியே எங்கூட்டுக்காரன் குடிய எப்ப உடுவான்னும் பாத்து சொல்லிடு சார்னேன்."

"அவரு இன்னா சொன்னாரு, அத்த சொல்லு" என்றார் குமுதா.

"அவுரு இன்னா சொல்வாரு? அவுரும் சிரிச்சிட்டாரு. மனுசன்தானே."

சூப்பர்வைசர் மேலே இருக்கும் யாருடனோ போனில் பேசினார். பதினாலு பேரை வெளியே நிறுத்தினால் பெட்டி அடுக்க ஆள் கிடையாது. பிறகு காவலாளி அறையிலிருந்து, பார்வையாளர் பெயர் எழுதும் நோட்டை எடுத்து வந்து நீட்டினார். பதினாலு பேரும் அதில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனார்கள். எழுதத் தடுமாறிய ஒருவருக்குப் பின்னால் நின்றவர் எழுதிக் கொடுத்தார்.

"சனிக்கிழமை?" என்று கேட்டேன்.

"நாளைக்கி தெரியும்" என்றார் குமுதா.

நான் நன்றி சொன்னேன். என் தவறை இவர்கள் இருபத்திரண்டு பேர் சுமந்திருக்கிறார்கள் என்பதுபோல ஏதோ சொன்னேன். வாக்கியம் சரியாக வரவில்லை.

தேவி என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்குளுக்கா செஞ்சோம்? அவுளுக்குச் செஞ்சோம்" என்றார். பிறகு, "டீ சொல்லுங்கோ, நின்னுக்கினே கீறீங்க" என்றார்.

இரண்டாம் பாதி

அந்த டீக்கடையில்தான் படத்தின் மிச்சத்தைக் கேட்டேன். குமுதா சொன்னார். தேவி திருத்தினார்.

இரண்டாம் பாதியில் கதாநாயகன் கீழடுக்கு மக்களைத் திரட்டுகிறான். கடைசியில் ஒரு பெரிய சுத்தியலோடு வந்து வெயில் கதவை உடைக்கிறான். வெள்ளமாக வெளிச்சம் கொட்டுகிறது. நகரத்துத் தியேட்டர்களில் அந்த இடத்தில் எழுந்து நின்று கைதட்டினார்கள் என்று எங்கள் பத்திரிகையே எழுதியிருந்தது.

"இங்க கைதட்டினாங்களா?"

"இல்ல மேடம். சத்தமே இல்ல" என்றார் குமுதா. "பை எடுக்கணுமேன்னு பாதிப் பேரு எந்திரிச்சிட்டாங்கோ."

"ஏன்?"

அவர் டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார். "கதவ ஒடச்சிட்டான், சரி. மறுநாளு அந்தப் பொண்ணு எந்த வழியா வேலைக்குப் போவும்? அத்த காட்டவே இல்லியே."

அந்தப் படத்துக்கு அந்த வாரம் வந்த விமர்சனங்கள் அநேகமாக எல்லாவற்றையும் படித்தேன். உவமை பிரமாதம் என்றார்கள். எதிர்காலம் பற்றிய எச்சரிக்கை என்றார்கள். மூன்று பேர் வயலினைப் பாராட்டினார்கள். குமுதா கேட்ட கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. எழுத இடம் கேட்டேன். பெயர் உண்டா என்று மேஜையில் கேட்டார்கள். இல்லை என்றேன். அதோடு முடிந்தது.

வாராவாரம் நான் எழுதும் இந்தத் தொடரைப் படித்த ஒருவர், சென்ற வாரம், இத்தனை வருட வேலையில் யாருக்காவது கடமைப்பட்டிருக்கிறீர்களா என்று கேட்டு எழுதியிருந்தார். ஆசிரியர்கள், சக நிருபர்கள் என்று ஒரு பட்டியல் மனதில் வந்தது. அதற்கெல்லாம் முன்னால் அந்த டீக்கடைதான் வந்தது. தப்பைச் செய்தவளை உட்காரவைத்து, அவள் பார்க்காத பாதிப் படத்தை அவளுக்கு நிதானமாகச் சொன்ன பெண்ணை எந்தத் தலைப்பின் கீழ் சேர்ப்பது என்று தெரியவில்லை. அதன் பிறகு நான் எந்தப் படத்துக்கும் இடைவேளையில் கருத்து வாங்கவில்லை. வெளியூர்ப் பதிப்பு பலமுறை அந்தப் பெட்டி இல்லாமலே போனது. இருபத்திரண்டு பேரில் எனக்குப் பெயர் தெரிந்தவர்கள் இருவர்தான். மற்ற இருபது பேருக்கும் இந்த வாரப் பக்கம் சேரட்டும்.

அந்தச் சனிக்கிழமை காலை, பார்வையாளர் நோட்டுக்குப் பக்கத்தில் புது நோட்டு ஒன்று வைக்கப்பட்டிருந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, வரிசை எண், பெயர், நேரம், கையெழுத்து என்று தலைப்பு எழுதியிருந்தார்கள். பட்டியலிலிருந்து யார் பெயரும் நீக்கப்படவில்லை. பத்திரிகைச் செய்தியின் எதிரொலி என்று நாங்கள் ஒரு சின்னச் செய்தி போட்டோம். அதை எழுதியவள் நான்தான். அது உண்மைதானா என்று எனக்கு உறுதியில்லை. பதினாலு பேரின் துடைத்த விரல்தான் காரணம் என்று தேவி சொல்வார். அதை மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை.

இதை எழுதுவதற்கு முன் இருவரிடமும் கேட்டேன். தாராளமாக எழுதுங்கள் என்றார்கள், பெயரை மட்டும் மாற்றச் சொன்னார்கள். குமுதா, தேவி என்ற பெயர்களை அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். சட்டையின் நிறத்தையும் கோடுகளையும் இம்முறை நான் மாற்றியிருக்கிறேன்.

குமுதா இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார். இன்னும் ஒப்பந்தத் தொழிலாளிதான். காலை ஐந்து ஐம்பதுக்கு நோட்டில் கையெழுத்துப் போட்டு உள்ளே போகிறார்.